வழியில் சிரித்துப் பேசியது என் தப்பா?

ராணிப்பேட்டை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். யாரும் தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று கேட்டிருப்பதால் அடையாளங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 44. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கணவர் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டு நான்கு வருடத்துக்கு முன்னால் போய்விட்டார். பாலிடெக்னிக் படிக்கும் ஒரே மகன். போன புரட்டாசியில், அண்ணனுக்குத் தெரிந்த ஒரு குழுவோடு மஞ்சள் சேலை கட்டித் திருப்பதிக்கு நடந்திருக்கிறார். காட்பாடி, கிறிஸ்டியான்பேட்டை, சித்தூர், பூதலப்பட்டு, சந்திரகிரி என்று போகும் வழி. சித்தூர் தாண்டியதும் இரண்டு பாதத்திலும் கொப்புளம். குழு முன்னே போய்விட, இவர் பின்தங்கிவிட்டார். அப்போது குடியாத்தம் பக்கத்து அக்கா ஒருவர், அறுபது வயதிருக்கும், பீடி சுற்றுகிறவர், தன் ஆட்களைப் போகச் சொல்லிவிட்டு இவரோடு மெல்ல நடந்திருக்கிறார். இரவெல்லாம் பேச்சு. “அவரு செத்தப்ப எனக்கு அழுகையே வரலக்கா, அப்பாடான்னு இருந்துச்சு” என்று கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாததை அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்காவும் மகன் தன்மேல் கைநீட்டியதைச் சொல்லி அழுதிருக்கிறார்.

மலையேறும்போது அக்காவின் குழுவில் ஒரு பெண், “எந்த ஊரு? ஊரா, காலனியா?” என்று கேட்டிருக்கிறார். இவர் “வாலாஜா டவுன்” என்று சமாளித்துவிட்டார். மனசு கேட்காமல், பிரியும்போது அக்காவின் காதில் மட்டும் “காலனிதான்க்கா” என்றிருக்கிறார். அக்கா “அதுக்கு இன்னாடி” என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். ஆனால் தீபாவளி கழிந்து போன் செய்தபோது, “ஆங், வாலாஜா பொண்ணா… நல்லா இருக்கியா… சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அழைப்பே இல்லை.

இன்னொன்று. குழுவின் மூட்டை முடிச்சுகளை ஏற்றிவந்த டெம்போவில் உதவிக்கு வந்த ஆள், குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து இவர் நம்பரை எடுத்து, முதலில் பெருமாள் படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார். அப்புறம் “தனியாத்தானே இருக்கீங்க” என்றார். கடன் கேட்டார். இவர் 5,000 ரூபாய் ஜிபே செய்தார். இப்போது இரவு பத்து மணிக்கு மேல் போன் வருகிறது. விஷயம் அரைகுறையாகத் தெரிந்த அண்ணன், “ஊர் பேர் தெரியாதவங்ககிட்ட உனக்கு இன்னா பேச்சு” என்கிறார்.

அவர் கேட்பவை: நான் அக்காவுக்குப் பாரமாகிவிட்டேனா, இல்லை காலனி என்றதால்தானா? நானே சிரித்துப் பேசிவிட்டு இப்போது புகார் கொடுத்தால் போலீசில் சிரிக்க மாட்டார்களா? பெருமாளுக்குப் போகிற வழியில் பொய் சொன்னது பாவமா? இந்த வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் நடந்துவிட்டு வந்தால் என்ன?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். டெம்போ ஆளைப் பற்றி நாலே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நாள் தள்ளக் கூடாதது அதுதான்.

டெம்போ ஆள்

உங்கள் நம்பர் குழுவிடம் போனது, வழியில் தவறினால் கூப்பிட. அதை எடுத்து இரவில் அழைப்பதற்கு நீங்கள் எந்த அனுமதியும் கொடுக்கவில்லை. குழுவுக்கு உதவிக்கு வந்தவரிடம் சிரித்துப் பேசுவது மரியாதை. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, தனக்கு விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை உண்டு. அதற்கு முன்னால் அவள் சிரித்துப் பேசியிருக்கக் கூடாது என்று எந்த நிபந்தனையும் அதில் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது, ‘தெளிவாகக் காட்டிய பிறகு’ என்பதை. இதுவரை நீங்கள் செய்தது, போனை எடுக்காமல் விட்டது. எடுத்தபோது “பையன் முழிச்சிருக்கான்” என்றது. உங்கள் மனதில் அது மறுப்பு. அவர் காதில் அது, பையன் தூங்கியதும் பேசலாம் என்றுதான் விழுந்திருக்கும். ஆகவே ஒரே ஒரு முறை, எழுத்தில் அனுப்புங்கள்: “இனிமேல் எனக்கு போன் செய்ய வேண்டாம், மெசேஜ் அனுப்ப வேண்டாம். நான் கொடுத்த 5,000 ரூபாயை இதே நம்பருக்கு அனுப்பிவிடுங்கள்.” அவ்வளவுதான். “தப்பா எடுத்துக்காதீங்க” வேண்டாம், “அண்ணன் திட்டுவார்” வேண்டாம். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தை எப்படிச் சரிக்கட்டலாம் என்று யோசிப்பார்கள்.

அதற்குப் பிறகும் அழைப்பு வந்தால் பதில் சொல்லாதீர்கள். அழைப்புப் பட்டியலையும் மெசேஜ்களையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மகனிடமோ அண்ணனிடமோ ஒரு பிரதி கொடுத்துவைத்து, அப்புறம் நம்பரை பிளாக் செய்யுங்கள். மெசேஜ்களை அழிக்க வேண்டாம். ஜிபே கணக்கில் பணம் போனதற்கான பதிவு இருக்கும், அதுவும் சான்றுதான். பெண்கள் உதவி எண் 181. வீட்டு வாசலுக்கே வந்துவிட்டால் யோசிக்காமல் 112. புகாரை உங்கள் பகுதி அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். சிரிக்க மாட்டார்களா என்கிறீர்கள். முதலில் உட்கார்ந்திருப்பவர் அலட்சியமாகப் பேசக்கூடும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒரு தாளை நீட்டினால் பேச்சு மாறும். நான் மனநல ஆலோசகர். சட்டத்தில் இதற்கு மேல் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

பணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அதை வாங்குவதற்காக அவரோடு தொடர்பை நீட்ட வேண்டாம். “இன்னும் ரெண்டாயிரம் குடுத்தா சேர்த்துத் தர்றேன்” என்று ஒரு பேச்சு வரும். எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணனிடமும் ஒன்றைச் சொல்லுங்கள். தொந்தரவு கொடுத்தவர் ஊர் பேர் தெரியாதவர் இல்லை. அண்ணனுக்குத் தெரிந்த குழு, தெரிந்த டெம்போ. ஊர் பேர் தெரியாத அந்த அக்கா உங்களோடு ஒரு இரவு முழுக்க நொண்டி நொண்டி நடந்தார். தெரிந்தவர், தெரியாதவர் என்று கோடு போட்டுப் பாதுகாப்பைக் கணக்கிடுவது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு உங்கள் பயணமே போதும். குழுத் தலைவருக்கும் இது தெரிய வேண்டும். நீங்கள் முதல் பெண்ணாக இல்லாமலும் இருக்கலாம்.

“ஊரா, காலனியா?”

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பாதிப் பேருக்குத் தாங்கள் ஏதோ கேட்டுவிட்டோம் என்ற நினைப்பே இருக்காது. பெயர் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறப்பார்கள். ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். மலைப்படியில் அதை யார் போய்ச் சொல்வது!

நீங்கள் பொய் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்பதற்கு உரிமையே இல்லாத ஒன்றைக் கேட்டவருக்கு முழுப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பாவ புண்ணியம் என் துறை அல்ல. ஆனால் குற்றவுணர்வு என் துறை. அது இங்கே ஆள் மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்வேன். கூச வேண்டியவர் கேட்டவர்.

அடுத்த முறை யாராவது கேட்டால் மூன்று விதமாகப் போகலாம். “ராணிப்பேட்டைப் பக்கம்” என்று சொல்லிப் பேச்சைத் திருப்பலாம். “எதுக்குக்கா கேக்கற?” என்று சாதாரணக் குரலில் திருப்பிக் கேட்கலாம். “காலனிதான்” என்று நேராகச் சொல்லலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது. சண்டை இல்லை, ஒளிவும் இல்லை. கேட்டவரே தன் கேள்வியை ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டிவரும். ஆனால் அன்றைக்கு உங்கள் உடம்பும் மனசும் எதற்குத் தாங்குமோ அதைச் செய்யுங்கள். கொப்புளத்தோடு நடக்கிறவர் சமூகத்தைத் திருத்திக்கொண்டே நடக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. அதே சமயம், வெறும் கேள்வியோடு நிற்காமல் தண்ணீரோ சாப்பாடோ படுக்க இடமோ மறுத்தாலும், ஊரறிய இழிவாகப் பேசினாலும் விஷயம் வேறு. தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டுச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்கு இருக்கின்றன.

வாய் திறக்காமல் நடப்பது

வேண்டாம் என்பேன். மௌனம் ஒரு விரதம் என்றால் தாராளமாக இருங்கள். பயந்து மூடிய வாய் பாதுகாப்பு ஆகாது. இரவு நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது, பின்னால் ஒருத்தி வருகிறாள் என்று நான்கு பேருக்குத் தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு. மலைப்பாதையிலும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் ஆறு வயதுக் குழந்தை ஒன்று சிறுத்தைக்குப் பலியான பிறகு, தனியாக ஏறாதீர்கள், கூட்டமாகப் போங்கள் என்று தேவஸ்தானமே சொன்னது. கூட்டமாகப் போக வேண்டுமென்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

பாரமாகிவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு மட்டும் உரியது அல்ல. 2014-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் தினமும் வேலைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் போகிறவர்களை வைத்துச் செய்தது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசினால் பயணம் சங்கடமாகிவிடும் என்றுதான் ஆட்கள் நினைத்தார்கள். பேசச் சொல்லி அனுப்பியபோது, பேசாமல் வந்தவர்களைவிடப் பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்தது. 2018-ல் வந்த இன்னொன்று உங்களுக்கு இன்னும் பொருந்தும். முன்பின் தெரியாத இருவர் பேசி முடித்ததும் தனித்தனியாகக் கேட்டால், அவருக்கு என்னை அவ்வளவாகப் பிடித்திருக்காது என்று இரண்டு பேருமே குறைத்துச் சொல்கிறார்கள்.

நம் வழியில் பேச்சைத் தொடங்குவதற்குப் பாடம் எதுவும் தேவையில்லை. “கோவிந்தா” என்று ஒருவர் குரல் கொடுத்தால் பதில் குரல் கொடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அடுத்தது கால். “எப்படிம்மா இருக்கு கால்?” என்று கேட்டால் கோபித்துக்கொள்கிற யாத்ரீகரை நான் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து நீட்டுங்கள், தேங்காய் எண்ணெய் கொடுங்கள், அடுத்த அன்னதானப் பந்தல் எங்கே என்று கேளுங்கள். கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் தெலுங்கு. நமக்கு அது ஒன்றும் அந்நியம் இல்லை; 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை அந்தப் பக்கமும் வடஆர்க்காடுதானே. அரைகுறைத் தெலுங்கில் பேசுங்கள், அவர்கள் அரைகுறைத் தமிழில் பேசுவார்கள், சிரிப்பு தானாக வரும்.

எதிராளி ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னால், ஜபத்தில் இருக்கிறார் அல்லது வலியில் இருக்கிறார் என்று விட்டுவிடுங்கள். கனமான கதையைத் தொடங்குவதற்கு முன்னால் “மனசுல ஒண்ணு இருக்கு, சொல்லட்டுமா?” என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது, கேட்பவருக்கும் அன்றைக்குத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். தனியாக இருப்பது, சம்பளம், வீட்டில் யார் யார் என்பதை ஆணோ பெண்ணோ முதல் நாள் ஆளிடம் சொல்ல வேண்டியதில்லை. நம்பரை நடுராத்திரி உருக்கத்தில் கொடுக்காமல், சாமி கும்பிட்டுக் கீழே இறங்கிய பிறகு, வேண்டுமென்றால் கொடுங்கள். அவர் நம்பரை நீங்கள் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது, அழைப்பதா என்பது உங்கள் கையில் இருக்கும்.

யாரோடு போவது என்பதையும் யோசியுங்கள். அதே குழுவென்றால், அந்த ஆள் இந்த வருடம் வரமாட்டார் என்று தலைவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “பாத்துக்கலாம்மா” என்றால் வேறு குழு பாருங்கள். கம்பெனியில் உங்களோடு வேலை செய்கிறவர்களில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் சந்திரகிரி பக்கம் வரை வண்டியில் போய், ஸ்ரீநிவாச மங்காபுரத்திலிருந்து ஸ்ரீவாரி மெட்டு மட்டும் ஏறலாம். 2,388 படிகள், அலிபிரியைவிடத் தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. வேண்டுதல் முழு நடையென்றால் அது உங்களுக்கும் பெருமாளுக்கும் நடுவில், நான் வரவில்லை.

அழுகை வராதது

அக்காவிடம் சொன்னதை எனக்கும் எழுதியதற்கு நன்றி. வருடக்கணக்கில் குடிகாரரோடு வாழ்ந்தவர்கள், அவர் போனதும் முதலில் உணர்வது நிம்மதிதான் என்று சொல்ல நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இரவில் கதவு தட்டும் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே தூங்கிய உடம்பு, இனி அது வராது என்று தெரிந்ததும் தளர்கிறது. அதற்கு இரக்கமில்லை என்று பெயர் இல்லை. அந்த நிம்மதிக்கு அடியில் கோபமும், கொஞ்சம் பிரியமும்கூடக் கிடக்கலாம். அதைச் சொல்லித் தீர்க்க ஒரு இரவு நடை போதாது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. லீவு போட முடியாதென்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தங்கை ஒருத்தி இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் ஒரு வரியாவது சொல்லிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரரின் குடியை அவரும் பார்த்திருப்பார்.

அந்த அக்கா

காலனி என்றதால்தான் அக்கா விலகினாரா? இருக்கலாம். இல்லை என்று சொல்லி உங்களைத் தேற்றினால், நீங்கள் இத்தனை வயதில் கற்றதை நான் மறுப்பதாகிவிடும். ஆனால் அரை நிமிடப் பேச்சை வைத்து அதை முடிவுகட்டவும் முடியாது. வேறு காரணங்களும் அதே அளவு கனமாக இருக்கின்றன.

பீடிக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். இரண்டு கையும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் போன் பேசினால் கூலி குறையும். அந்தப் போன் பேரன் கையில் இருந்திருக்கலாம், ஸ்பீக்கரில் இருந்திருக்கலாம். எதிரே மகன் உட்கார்ந்திருந்தால்? கைநீட்டிய மகனைப் பற்றி அந்த அக்கா வெளியே சொன்ன ஒரே ஆள் ஒருவேளை நீங்களாக இருக்கலாம். வழியில் அந்நியரிடம் மனம் திறப்பது எளிதாவதற்குக் காரணமே, இவள் நம் வீட்டுக்கு வரமாட்டாள், நம் தெருவில் யாரையும் இவளுக்குத் தெரியாது என்பதுதான். அப்படிப்பட்டவள் குரல் திடீரென்று சமையலறைக்குள் கேட்டால் வெலவெலத்துப் போவார்கள். பிரியம் இல்லாததால் அல்ல. நீங்களே யோசியுங்கள்: மகன் பக்கத்தில் இருக்கும்போது அக்கா போன் செய்து, “அன்னிக்கு உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொன்னியே” என்றால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

நீங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு, உண்மையான பாசம் என்றால் வீடு திரும்பிய பிறகும் தொடர வேண்டும் என்பது. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். சித்தூருக்கும் சந்திரகிரிக்கும் நடுவில் அந்த அக்கா தன் குழுவை விட்டுவிட்டு உங்கள் வேகத்துக்கு நடந்தார். அது நடந்து முடிந்த காரியம். தீபாவளிக்குப் பிந்தைய ஒரு போன் அதை இல்லையென்று ஆக்காது. காலனி என்ற காரணத்தாலேயே அவர் விலகியிருந்தாலும், அது அவர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு மறுபடி எடுத்து மாட்டிக்கொண்ட பயம். நீங்கள் செய்த குறை எதுவும் அதில் இல்லை.

ஆகவே இன்னொரு முறை போன் செய்யலாம் என்பதே என் யோசனை. ஆவணி பிறக்கட்டும். பீடிக் கட்டை ஒப்படைக்கும் நேரம், சமையல் நேரம் இரண்டையும் விட்டு மத்தியானத்தில் கூப்பிடுங்கள். பழைய பேச்சு எதையும் எடுக்க வேண்டாம். “அக்கா, இந்தப் புரட்டாசிக்கு நடக்கறியா? எந்தத் தேதி கெளம்பற?” என்று மட்டும் கேளுங்கள். தேதி சொன்னால் சித்தூரில் எங்கே பார்ப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். “பாக்கலாம்மா” என்று வைத்துவிட்டால் நம்பரை அழிக்கவும் வேண்டாம், மூன்றாவது முறை கூப்பிடவும் வேண்டாம்.